இன்முகமும் இச்சகமும்: நியூ ஓர்லியன்ஸ் நகரும் லூயி ஆம்ஸ்ட்ரோங்கின் இசையும்

கேட்போரை மகிழ்வித்தல் இசையின் பயன்களுள் தலையாயது என்பதை மறுப்பார் இலர். ஆயின், ஒரு கலைஞன் தன் உள்ளத்து மகிழ்ச்சியைப் பிறர்க்கு வழங்குதல் வேறு. பிறர் முகம் சுளித்தால் தனக்குக் கேடு வருமோ என்று அஞ்சி, அவர் விரும்பியவாறெல்லாம் நடந்துகொள்ளுதல் வேறு. முன்னதை இன்முகம் என்றும் பின்னதை இச்சகம் என்றும் நாம் வழங்குவோம். வள்ளுவர் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரமும் வாய்மைக்குப் பிறிதோர் அதிகாரமும் வகுத்தார். உண்மையை விலையாகக் கொடுத்துப் பெறும் இனிமை இனிமையாகாது என்னும் கருத்து அவ் வகுப்பினுள் அடங்கியுள்ளது எனலாம். இதன்கண் உள்ள இடர்ப்பாடு யாதெனின், இன்முகமும் இச்சகமும் புறத்தே ஒரே தோற்றம் உடையன என்பதே. இரண்டிலும் முகம் மலரும், பற்கள் தோன்றும், அவையோர் கைதட்டுவர்.

அமெரிக்க ஜாஸ் இசையின் முதற்பெருங் கலைஞராகிய லூயி ஆம்ஸ்ட்ரோங் (1901–1971) பற்றிய திறனாய்வு முழுவதும் இவ் விடர்ப்பாட்டினையே சுற்றி நிற்கின்றது. அவரது உருவப்படத்தைக் கண்டோர் எவரும் அப் பெருஞ் சிரிப்பினையும், கையிலுள்ள வெண்கைக்குட்டையையும் மறந்திரார். அச் சிரிப்பினை உலகின் இன்ப ஊற்று எனப் போற்றியோர் ஒருபுறம். வெள்ளை எசமானரை மகிழ்விக்கும் பழைய அடிமையின் சிரிப்பென இகழ்ந்தோர் மறுபுறம். இகழ்ந்தோருட் பலர் அவருடைய இனத்தவரே. சிலர் அவரிடமிருந்தே இசை கற்றவர்கள். அச் சிரிப்புப் பிறந்த நகரையும், அந் நகரில் அவர் பெற்ற பழக்கத்தையும், அப் பழக்கத்தை அவர் படிப்படியாக வென்ற முறையையும் ஆராய்வதே இக் கட்டுரையின் நோக்கம். வென்றார் என்று கூறுமுன், வெல்லாத இடங்களையும் மறையாது காட்டுதல் திறனாய்வாளன் கடனாகும்.

நகரும் அதன் சட்டமும்

மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்திற்கு அணித்தாக உள்ளது நியூ ஓர்லியன்ஸ். பிரெஞ்சுக்காரர் அமைத்து, ஸ்பானியர் ஆண்டு, 1803 ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கு விற்கப்பட்ட நகரம் அது. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுகூடி முழவு கொட்டி ஆடுதற்கென அங்கு ஒரு திடல் இருந்தது. கொங்கோச் சதுக்கம் என்பது அதன் பெயர். 1817 இல் நகராட்சி பிறப்பித்த கட்டளை, அவ்வாறு கூடுதலை நகரின் ஓரிடத்துக்கு மட்டும் வரையறுத்தது. ஆகவே, எங்கு இசைக்கலாம், எங்கு இசைக்கலாகாது என்பதை அரசு கோடிட்டுக் காட்டிய வரலாறு அந் நகரில் மிகப் பழையது.

அந் நகரில் கிரியோல் எனப்பட்ட கலப்பினத்தார் பலர் வாழ்ந்தனர். உள்நாட்டுப் போருக்கு முன்னரே உரிமை பெற்று, பிரெஞ்சு மொழி பேசி, ஐரோப்பிய முறையில் இசை பயின்றோர் அவருட் பலர். இவர்களையும் ஒரு சட்டம் வந்து தாக்கியது. 1890 இல் லூயிசியானா அரசு, புகைவண்டியில் வெள்ளையர்க்கும் ஏனையோர்க்கும் வேறு வேறு பெட்டிகள் வேண்டுமென விதித்தது. 1892 இல் ஹோமர் பிளெஸ்ஸி என்னும் கிரியோல், செருப்புத் தைக்கும் தொழிலினர், இச் சட்டத்தைச் சோதிக்கும் பொருட்டே வெள்ளையர் பெட்டியில் ஏறிச் சிறைப்பட்டார். வழக்கு நாட்டின் உயர்நீதிமன்றம் வரை சென்றது. பிரிவு இருப்பினும் சமத்துவம் இருந்தாற் போதும் என்று 1896 இல் அந் நீதிமன்றம் தீர்த்தது. அதன்பின் தென்மாநிலங்களிற் பள்ளிக்கூடம், வாகனம், நீர்க்குழாய், நாடக அரங்கு ஆகிய யாவும் இரண்டாகப் பிளவுண்டன. பிரிவு நிலைத்தது, சமத்துவம் ஏட்டளவில் நின்றது.

இசைவரலாற்றாசிரியர் சிலர் இவ்விடத்து ஒரு முடிவுக்கு விரைவர். ஏடு பார்த்து வாசிக்கும் கிரியோல் இசைஞரும், செவிவழி கற்ற கறுப்பின இசைஞரும் இச் சட்டங்களால் ஒரே பக்கத்துக்குத் தள்ளப்பட்டமையால் அவ் விருவகை மரபும் கலந்து ஜாஸ் பிறந்தது என்பர். கலப்பு நிகழ்ந்தது உண்மையே. ஆயினும், இன ஒதுக்கல் ஜாஸ் இசையை ஈன்றது என்று கூறுதல், சிறைச்சாலை கவிதையை ஈன்றது என்று கூறுதலோடு ஒக்கும். உள்ளிருந்தோர் பாடினர், சுவர் பாடவில்லை.

ஒதுக்கல் உண்மையில் விதித்தது யாதெனின், இசையை யார் எந் நிலையிலிருந்து நுகரலாம் என்பதையே. வெள்ளையர் நடனசாலையில் வாசிப்பவன் கறுப்பனாக இருக்கலாம். ஆடுபவனாக அவன் இருத்தல் இயலாது. 1917 இல் முதன்முதலாக ஜாஸ் ஒலித்தட்டு வெளிவந்தபோது, அதில் வாசித்தோர் அந் நகரைச் சேர்ந்த வெள்ளையர் குழுவினரே. இத்தகைய நகரில் ஒரு கறுப்பின இசைஞனுக்குப் பிறரை மகிழ்வித்தல் பிழைப்பாகவும் இருந்தது; உயிர்க்காப்பாகவும் இருந்தது.

சிறுவன் கற்ற பாடங்கள்

ஆம்ஸ்ட்ரோங் 1901 ஓகஸ்ட் 4 ஆம் நாள் அந் நகரின் மிக வறிய பகுதியொன்றிற் பிறந்தார். தந்தை இளமையிலேயே குடும்பத்தைக் கைவிட்டார். லிதுவேனியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பமொன்றின் பழம்பொருள் வண்டியிலும் நிலக்கரி வண்டியிலும் சிறுவன் வேலை செய்தான். வண்டியின் வருகையை அறிவிக்கத் தகரக் குழல் ஊதினான். அவன் தன் முதற் கோர்னெற் கருவியை வாங்க உதவியவர்களும் அக் குடும்பத்தினரே. தம்மை மனிதனாக மதித்த அவ் வீட்டினரை அவர் இறுதிவரை நினைவுகூர்ந்தார். 1969 இல், நோய்ப்படுக்கையிலிருந்து எழுந்த காலத்து, அவர்களைப் பற்றி நீண்ட குறிப்பொன்று எழுதினார்.

1912 டிசம்பர் 31 ஆம் நாள் இரவு, புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் துப்பாக்கியொன்றை வானோக்கிச் சுட்டமைக்காக அவன் பிடிக்கப்பட்டு, கறுப்பினச் சிறுவர் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். ஆங்கு ஓர் இசைக்குழு இருந்தது. பீற்றர் டேவிஸ் என்பவர் அதன் ஆசிரியர். அவரிடமே சிறுவன் ஒழுங்காக ஊதக் கற்றான். பின்னர் ஜோ ஒலிவர் என்னும் பெரும் இசைஞர் அவனைத் தம் மாணாக்கனாகக் கருதி வளர்த்தார்.

இசைப்பாடம் இது, இதனோடு மற்றொரு பாடத்தையும் அந் நகரம் புகட்டிற்று. தாம் ஊரை விட்டுப் புறப்பட்டபோது, பழகிய ஒருவர் கூறிய அறிவுரையை ஆம்ஸ்ட்ரோங் பிற்காலத்திற் கடிதமொன்றிற் குறித்துள்ளார். உன்னைத் தன் உடைமை என்று தோளிற் கைவைத்துச் சொல்லக்கூடிய வெள்ளையன் ஒருவனை எப்பொழுதும் உடன் வைத்துக்கொள் என்பதே அதன் சாரம். கேட்க நமக்கு உள்ளம் கூசும் அறிவுரை இது. எனினும், அது பகைவன் சொன்னதன்று, அன்புடையான் சொன்னது. அந் நகரை நன்கறிந்தவன், ஓர் இளைஞன் உயிரோடு இருக்கவேண்டும் என்று விரும்பிச் சொன்னது. இச்சகம் என்னும் பழக்கம் எவ்வாறு வேரூன்றுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. கோழைகள் மட்டும் அதற்கு ஆளாவதில்லை. அன்புடையோர் வாயிலாக, நலங்கருதிய உபதேசமாக, அது தலைமுறை தலைமுறையாக வருகின்றது. அதனாலேயே அதனை வெல்லுதல் அரிதாகின்றது. 1935 முதல் ஜோ கிளேசர் என்னும் வெள்ளை முகாமையாளரிடம் தம் தொழிற்காரியம் முழுவதையும் ஒப்படைத்து, வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஆம்ஸ்ட்ரோங் அவ் வறிவுரையை எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடித்தார் எனலாம்.

ஒலித்தட்டுத் தரும் சான்று

மனிதன் பணிந்தான், அவன் இசை பணிந்ததா? இவ் வினாவுக்கு விடை 1920 ஆம் ஆண்டுகளின் ஒலித்தட்டுக்களில் உள்ளது. 1922 இல் ஒலிவர் அழைப்பின்பேரில் அவர் சிக்காகோவுக்குச் சென்றார். 1925 முதல் 1928 வரை தம் பெயரிலமைந்த சிறு குழுக்களோடு அவர் பதிவு செய்தவை ஜாஸ் இசையின் போக்கையே மாற்றின. கூட்டாக வாசிக்கும் மரபினுள் தனியொருவன் குரலை நடுநாயகமாக நிறுத்தியது அவற்றின் புதுமை.

1928 ஜூன் 28 ஆம் நாள் பதிவான ‘வெஸ்ற் எண்ட் புளூஸ்’ என்பதை எடுத்துக்கொள்வோம். ஒலிவர் இயற்றியது, பொன்சற்றேன் ஏரிக்கரையிலுள்ள நியூ ஓர்லியன்ஸ் உல்லாசப் பகுதியொன்றின் பெயரைத் தாங்கியது. துணைக்கருவி ஏதுமின்றி ட்ரம்பெற் தனித்து எழுகின்றது. முதலில் நான்கு சுரங்கள் திடமாக அடியெடுத்து வைக்கின்றன. பின் ஒலி உச்சிக்குத் தாவி, வளைந்து வளைந்து கீழிறங்குகின்றது. தாளம் இன்னும் தொடங்கவில்லை. கேட்போன் காலால் தட்டிப் பின்பற்ற இடமில்லை. நடனத்துக்கெனத் தட்டு வாங்கியவனை நோக்கி, முதலில் நின்று கேள் என்று அவ் விசை பணிக்கின்றது. இடையே கிளரினெற் தாழ்ந்த குரலில் ஒரு தொடரைச் சொல்ல, ஆம்ஸ்ட்ரோங் சொல்லில்லாக் குரலால் மறுமொழி இறுக்கின்றார். அக் குரலிற் கூத்தாட்டமில்லை. இருவர் இரவில் தனித்திருந்து உரையாடும் அமைதி உண்டு. ஏர்ல் ஹைன்ஸ் பியானோ வாசித்த பின்னர், இறுதிப் பகுதியில் ட்ரம்பெற் ஓர் உயர்ந்த சுரத்தைப் பற்றி நான்கு அளவுகள் வரை அசையாது நிற்கின்றது. யார் முகத்தையும் பார்த்து வாசித்த வாசிப்பன்று இது. சுரத்தை எப்பொழுது விடுவது என்பதைத் தானே தீர்மானிக்கும் ஒருவன் வாசிப்பு.

அடுத்த ஆண்டின் சான்று இன்னும் வலியது. நியூயோர்க் ஹார்லெம் பகுதியிலே, கறுப்பினத்தார் ஆட, பெரும்பாலும் வெள்ளையரே இருந்து காணும் கேளிக்கைச்சாலையொன்றிலிருந்து 1929 இல் பிறந்தது ‘ஹொட் சொக்லற்ஸ்’ என்னும் ஆடல் நிகழ்ச்சி. அதில் ‘பிளாக் அன்ட் புளூ’ என்னும் பாட்டு வந்தது. இசை ஃபற்ஸ் வோலர் முதலியோருடையது. சொல் அன்டி றஸாஃப் உடையது. ஆடவர் தன்னினும் வெளிறிய நிறத்தாரையே நாடுகின்றனர் எனக் கருநிறப் பெண்ணொருத்தி வருந்துவதாக மேடையில் அது பாடப்பட்டது. அவையோர் நகைக்கவே அது கருதப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் ஆம்ஸ்ட்ரோங் அதனைப் பதிவு செய்தபோது, அப் பெண்ணின் கதையைச் சொல்லும் முகப்புப் பகுதியை விட்டுவிட்டார். எஞ்சியது, நிறத்தின் பொருட்டுத் துன்புறும் எம் மனிதனுக்கும் உரிய வினா. ஒரு சொல்லையும் புதிதாகச் சேர்க்காமல், நகைப்புக்கு உரியதை முறையீடாக மாற்றினார். றல்ஃப் எலிசன் 1952 இல் வெளியிட்ட புகழ்பெற்ற நாவலின் முகப்பிலே, கண்ணுக்குப் புலப்படாத மனிதன் நிலவறையில் இருந்து கேட்கும் இசை இதுவே.

ஆதலின், நாம் முதலிற் பெறும் முடிவு இது: இச்சகம் அவர் முகத்தையும் பேச்சையும் பற்றியிருந்த காலத்தும் அவருடைய ஊதுகருவியைப் பற்றவில்லை.

முகமூடியின் இரு பக்கங்கள்

1931 இல் ஆம்ஸ்ட்ரோங் புகழோடு தம் பிறந்த நகருக்கு மீண்டார். அவர் வாசித்த அரங்கு வெள்ளையர்க்கு மட்டும் உரியது. நிகழ்ச்சி வானொலியில் ஒலிபரப்பாயிற்று. முதல் நாள் இரவு, அவரை அறிமுகப்படுத்த வேண்டிய அறிவிப்பாளர், அவர் இனத்தை இழிசொல்லாற் சுட்டி, தன்னால் அது இயலாது என்று விலகினார். ஆம்ஸ்ட்ரோங் தம் குழுவினரை ஒரு நீண்ட ஒலி எழுப்பச் செய்து, ஒலிவாங்கி முன் சென்று தம்மைத் தாமே அறிமுகப்படுத்திக்கொண்டு நிகழ்ச்சியை நடத்தினார். வெளியே ஆற்றங்கரை அணையின் பக்கமாகக் கூடிய கறுப்பின மக்கள், திறந்த சாளரங்களின் வழியே தம் ஊர்ப் பிள்ளையின் இசையைக் கேட்டனர். அவர் எதிர்த்து ஒன்றும் கூறவில்லை. தாழ்ந்து போகவும் இல்லை.

அவ்வாண்டே ஒக்ரோபரில் மெம்பிஸ் நகரில் வேறொன்று நிகழ்ந்தது. பேருந்தில் முகாமையாளரின் வெள்ளை மனைவி அருகே ஆம்ஸ்ட்ரோங் அமர்ந்திருந்தமை கண்டு காவலர் குழு முழுவதையும் சிறையிட்டனர். விடுதலை பெற்று வானொலி நிகழ்ச்சியில் வாசித்தபோது, அடுத்த பாட்டை மெம்பிஸ் காவற்படைக்குக் காணிக்கை ஆக்குகிறேன் என்று பணிவோடு அறிவித்தார். அப் பாட்டு, போக்கிரியே நீ செத்தாற்றான் எனக்கு மகிழ்ச்சி என்னும் பொருளுடையது. காவலர் அதனைப் பெருமையாகக் கொண்டு நன்றி கூறினர் எனச் சொல்லப்படுகின்றது. நகைக்கத்தக்க நிகழ்ச்சியே, ஆயினும் நாம் ஈண்டு அவதானிக்க வேண்டியது ஒன்றுண்டு. இத்தகைய மறைமுக எதிர்ப்பு, எதிர்ப்பவனுக்கு உள்ளத்தில் ஆறுதல் தரும். எதிர்க்கப்படுபவனுக்கு யாதும் புலப்படாது. முகமூடியின் உட்புறம் எள்ளி நகைக்கலாம். வெளிப்புறம் பழைய சிரிப்பே. ஆகவே, இதனை முழு வெற்றி என ஏற்க இயலாது.

குற்றச்சாட்டு

நாற்பதுகளின் இறுதியில் இளைய இசைஞர் அவர்மீது கூறிய குற்றச்சாட்டுக்களை எளிதில் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. 1949 இல் நியூ ஓர்லியன்ஸ் திருவிழாவில் சூலு மன்னன் வேடம் தாங்கி, முகத்தில் மை பூசி, புல்லாடை உடுத்து ஊர்வலம் வந்தார். அவ்வேடம் கறுப்பினத்தாரே நடத்திய பழைய கேலிக்கூத்து; வெள்ளையரின் அரச வேடங்களைப் பரிகசிக்க எழுந்தது. சிறுவயது முதல் அதனை அவாவியவர் அவர். எனினும், நகருக்கு வெளியே படத்தைப் பார்த்தவர்க்கு அவ் வரலாறு தெரியாது. தம் இனத்தவன் ஒருவன் தன்னைத் தானே எள்ளலுக்குள்ளாக்கியதையே அவர்கள் கண்டனர். அவர் தம் அடையாளப் பாட்டாகக் கொண்டிருந்ததிற் கறுப்பினத்தாரை இழிவாகச் சுட்டும் ஒரு சொல் நெடுங்காலம் இருந்தது. எதிர்ப்பு எழுந்த பின்னரே அது மாற்றப்பட்டது. இனவாரியாகப் பிரித்து இருத்தப்பட்ட அவைகளில் அவர் பல ஆண்டுகள் வாசித்தார்.

டிஸ்ஸி கிலெஸ்பி, மைல்ஸ் டேவிஸ் ஆகிய இரு பெரும் ட்ரம்பெற் இசைஞர் அச் சிரிப்பினை வெறுத்தனர். கிலெஸ்பி அவரைப் பண்ணை அடிமைக் காலத்து மனிதர் என்றே கூறினார். அவையோர்க்குப் பல்லிளித்தல் எங்கள் தொழிலன்று, நாங்கள் கலைஞர், கேட்போர் கேட்கட்டும் என்பது அவர் தலைமுறையின் நிலை. அந் நிலைக்கு நியாயம் உண்டு. தனிமனிதன் ஒருவன் புன்னகைத்தால் அது அவன் விருப்பம். ஓர் இனம் முழுவதும் புன்னகைத்தே தீரவேண்டும் என்னும் விதி இருக்கும்போது, எவன் புன்னகையும் அவ் விதிக்குத் துணைபோகும் அன்றோ!

மறுப்பு

இக் குற்றச்சாட்டுக்கள் உச்சநிலை எய்திய வேளையிலேதான் மாற்றம் நிகழ்ந்தது. 1956 ஜூலையில் லூயிசியானா அரசு, கேளிக்கை, நடனம், விளையாட்டு முதலியவற்றில் வெள்ளையரும் கறுப்பரும் கலந்து பங்குபற்றுதலைத் தடைசெய்தது. ஆம்ஸ்ட்ரோங்கின் குழுவில் இரு இனத்தாரும் இருந்தனர். 1929 இலேயே ஜக் ரீகார்டன் என்னும் வெள்ளை இசைஞரோடு அவர் ஒருங்கிருந்து ஒலிப்பதிவு செய்தவர். வெள்ளையரை நீக்கிவிட்டுக் குழுவை நியூ ஓர்லியன்ஸுக்கு அழைத்துச் செல்லுதல் எளிது, எவரும் பழித்திரார். அவர் அவ்வாறு செய்யவில்லை. தம் பிறந்த நகரையே விட்டார். நீதிமன்றம் அச் சட்டத்தைச் செல்லாதென 1958 இல் தீர்த்து, 1959 இல் உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்த பின்னரும் அவர் விரைந்து செல்லவில்லை. குடியியல் உரிமைச் சட்டம் 1964 இல் நிறைவேறிய பின்னரே, 1965 ஒக்ரோபர் 31 ஆம் நாள் அந் நகரில் மீண்டும் வாசித்தார். எல்லார்க்கும் இனியவராக நடத்தலையே பழக்கமாகக் கொண்ட ஒருவர், யாரை மகிழ்வித்தல் தமக்கு மிக இனிதோ அவ்வூராரையே ஒன்பது ஆண்டுகள் மகிழ்விக்க மறுத்தார். இம் மறுப்பில் ஒலி இல்லை. ஆயினும் அவர் இசைத்தவற்றோடு வைத்து எண்ணத்தக்கது.

ஒலியுடைய மறுப்பு 1957 இல் வந்தது. அவ்வாண்டு பெப்ரவரியில் தென்னெசி மாநிலத்து நொக்ஸ்வில் நகரில் அவர் வாசித்துக்கொண்டிருந்த மண்டபத்தின் அருகே வெடி வீசப்பட்டது. தம் தொலைபேசிதான் ஒலிக்கின்றது என்று நகைமொழி கூறி அவையோரை அமைதிப்படுத்தினார். பழைய பழக்கம் இன்னும் உடனிருந்தது. செப்ரெம்பரில், ஆர்க்கன்சோ மாநிலத்து லிற்றில் றொக் நகரில் வெள்ளையர் உயர்பள்ளிக்குச் செல்லவேண்டிய ஒன்பது கறுப்பின மாணவரை மாநில ஆளுநர் படைவைத்துத் தடுத்தார். சனாதிபதி ஐசன்ஹோவர் தயங்கி நின்றார்.

அம் மாதம் 17 ஆம் நாள் ஆம்ஸ்ட்ரோங் வட டகோட்டாவிலுள்ள கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் இருந்தார். லிற்றில் றொக் வழக்கில் மாணவரைச் சேர்க்குமாறு கட்டளையிட்ட நீதிபதி றொனல்ட் டேவிஸ் அவ்வூரவரே என்பது நோக்கற்பாலது. உள்ளூர்ச் செய்தித்தாளுக்காக 21 வயது மாணவ நிருபர் ஒருவர் விடுதியறையில் அவரைக் கண்டு வினவினார். ஆம்ஸ்ட்ரோங் குமுறினார். தம் மக்களை நடத்தும் முறைக்கு அரசு நரகத்துக்கே போகலாம் என்றார். சனாதிபதிக்குத் துணிவில்லை என்றார். ஆளுநரை அச்சேற்ற இயலாத சொல்லால் ஏசினார். அரசின் சார்பிற் சோவியத் நாட்டுக்குச் செல்லவிருந்த இசைப்பயணத்தைக் கைவிடுவதாகக் கூறினார். அவர் இவ்வாறு பேசினார் என்பதைச் செய்தி நிறுவனத்தார் நம்பவில்லை. மறுநாள் நிருபர் எழுதியதை எடுத்துச் சென்று காட்ட, ஆம்ஸ்ட்ரோங் அதன் கீழே உறுதி என்று பொருள்படும் ஒரு சொல்லை எழுதிக் கையொப்பமிட்டார். அவர் வருந்துவதாகப் பயண முகாமையாளர் செய்தியாளரிடம் கூறியபோது, அவரையும் வெளிப்படையாக மறுத்தார்.

இச்சகப் பழக்கத்தை வெல்லுதல் என்பதன் முழு இலக்கணமும் அக் கையொப்பத்தில் அடங்கியுள்ளது. வெகுளியில் ஒரு நாள் உண்மை பேசுதல் எவர்க்கும் நேரலாம். இரவு கழிந்து, வெகுளி தணிந்து, விளைவினை எண்ணிப்பார்க்கப் பொழுது கிடைத்த பின்னரும், நேற்றுச் சொன்னதே இன்றும் என் சொல் என நிற்றலே வெற்றி. இனிய சொல்லால் அனைத்தையும் மழுப்பித் தரத் துணைவன் ஒருவன் ஆயத்தமாக இருக்கும்போது அதனை ஏலாமை அதனினும் பெரிது. அவரைப் புறக்கணிக்க வேண்டுமெனப் பத்திரிகைகளிற் குரல்கள் எழுந்தன. அவருக்காகப் பேசவேண்டியவர் சிலரும் வாளாவிருந்தனர். பிரிவுற்ற அவைகளில் வாசித்தவர் இன்று பேசுவதேன் என்று இடித்துரைத்தோரும் உளர். செப்ரெம்பர் 24 ஆம் நாள் சனாதிபதி மத்திய படையை அனுப்பியபோது, ஆம்ஸ்ட்ரோங் அவரைப் பாராட்டித் தந்தி அனுப்பினார். வசையும் பாராட்டும் அவரவர் செயலுக்கு ஏற்ப வழங்கப்பட்டன. முன்னர் எவர்க்கும் பாராட்டே வழங்கியவரின் பாராட்டுக்கு அன்றுதான் மதிப்பு உண்டாயிற்று.

சிரிப்பு மீண்டும்

அதன்பின் அவர் சிரிப்பதை விட்டாரா எனின், இல்லை. மேடையில் அதே கைக்குட்டை, அதே கரகரத்த குரல், அதே வேடிக்கை. ஆயினும், கேட்கும் முறையை நாம் மாற்றிக்கொள்ளச் சான்றுகள் கிடைக்கின்றன. டேவ் புரூபெக்கும் அவர் மனைவி அயோலாவும் இயற்றிய ‘உண்மைத் தூதுவர்’ என்னும் இசைநாடகத்தில் அவர் 1961 இல் ஒலிப்பதிவுக்கும், 1962 இல் மொன்றரே விழா மேடைக்கும் பாடினார். கடவுளின் நிறம் யாது என்பதை வைத்து இனவெறியரை எள்ளும் பாட்டொன்று அதில் உண்டு. இயற்றியோர் அவையில் நகைப்பு எழும் என்று எதிர்பார்த்தனர். ஆம்ஸ்ட்ரோங் அதனை நகைப்புக்கு இடமின்றி, வழிபாட்டுப் பாடல் போலப் பாடினார், அவையோர் நகைக்கவில்லை. 1929 இல் ‘பிளாக் அன்ட் புளூ’ பாட்டில் மறைவாகச் செய்ததை, இப்பொழுது அவையோர் முகத்துக்கு நேரே செய்தார்.

1965 மார்ச்சில் அலபாமா மாநிலத்து செல்மாவில் உரிமை கேட்டு நடந்தோர் அடியுண்டபோது அவர் ஐரோப்பாவில் இருந்தார். இயேசு கறுப்பராய் வந்து அணிவகுத்து நடந்தால் அவரையும் அடிப்பார்கள் என்று செய்தியாளரிடம் சொன்னார். அம் மாதமே கிழக்கு பேர்லின் நகரிற் ‘பிளாக் அன்ட் புளூ’ பாட்டை, முன்னை வேகம் குறைத்து, மிக நிதானமாகப் பாடினார். அணிவகுப்புக்களில் தாம் நேரே கலந்துகொள்ளாமைக்குக் காரணம் கேட்டபோது, வாயில் அடிப்பார்கள், அதன்பின் ஊத இயலாது என்றார். அது தஞ்சமான விடையா, உண்மையான விடையா என்று இன்றும் வாதிடலாம். இரண்டும் எனக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

அவரை இகழ்ந்த கிலெஸ்பி, 1979 இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். இனவெறியின் முன் பல்லிளிப்பதாகத் தாம் கருதியது, தம் வாழ்வின் இன்பத்தை எதுவும், இனவெறியுங்கூட, பறித்துக்கொள்ள விடாத உறுதியே எனத் தமக்குப் பின்னர் விளங்கியது என்ற கருத்துப்பட எழுதினார். நல்ல மனம் உடையோர் கூற்று. ஆயினும் இதனை நாம் முழுவதும் ஏற்பதற்கில்லை. அச் சிரிப்பு எல்லாக் காலத்தும் ஒரே பொருள் உடையதாக இருந்ததில்லை. நிலக்கரி வண்டியில் அது காப்பு. மெம்பிஸில் அது முகமூடி. ஊர்வலத்தில் அது ஆராயாத பழக்கம். 1957 க்குப் பின் அது அவர் தாமே தெரிந்தெடுத்துக்கொண்ட கொடை. இல்லை என்று சொல்ல இயலாதவன் தரும் ஆம் என்னும் சொல்லுக்குப் பெறுமதி இல்லை. இல்லை என்று ஒருமுறை உரக்கச் சொல்லிக் கையொப்பமும் இட்டவன் அதன்பின் தரும் புன்னகையே உண்மையில் அவனுடையது.

முடிவுரை

இன்று நியூ ஓர்லியன்ஸ் நகரில் கொங்கோச் சதுக்கம் அவர் பெயர் தாங்கிய பூங்காவினுள் உள்ளது; 2001 முதல் அந் நகரின் விமான நிலையமும் அவர் பெயரையே கொண்டுள்ளது. ஒருகாலத்தில் அவர் பெயரை வானொலியிற் சொல்ல மறுத்த நகரம், வந்திறங்கும் ஒவ்வொருவர்க்கும் இன்று அப் பெயரை அறிவிக்கின்றது. இதனைக் கொண்டு எல்லாம் சீராயிற்று என்று நாம் அமைதி கொள்ளவேண்டுவதில்லை. பெயர்ப்பலகையும் ஒருவகை முகமனாக இருத்தல் கூடும்.

கற்போர்க்கு இதனாற் பெறப்படுவது யாது? இன்சொல்லும் இன்முகமும் நம் பண்பாட்டின் அணிகலங்கள். அவற்றைக் களைதல் விடுதலையாகாது. அவற்றை அணிந்திருப்பது அச்சத்தினாலா, அன்பினாலா என்பதை அணிந்திருப்பவனே அறிவான். அவனும் மறுக்க வேண்டிய நாள் ஒன்று வரும்வரை ஐயமற அறியான். ஆம்ஸ்ட்ரோங்குக்கு அந் நாள் 56 ஆம் வயதில், தம் ஊரினின்றும் நெடுந்தொலைவிலுள்ள ஒரு விடுதியறையில், ஓர் இளைஞன் கேட்ட எளிய வினாவின் உருவில் வந்தது. அதற்கு முப்பது ஆண்டுகளின் முன்னரே அவருடைய ட்ரம்பெற் அவ் விடையைச் சொல்லியிருந்தது. கலைஞன் தன் கலையினும் பிந்தி வளர்வதும் உண்டு. அத்தகையோனை விரைந்து பழித்தல், அவன் இன்னும் சொல்லி முடியாத வாக்கியத்தை இடையில் அறுப்பதாகும்.